ஃபேஷன் வேலைக்கு முன் ஒரு டீ-சர்ட்டைப் பிரித்துப் பாருங்கள்

"ஃபேஷன் டிசைனர் ஆகப்போறேன்" என்கிறது பிளஸ் டூ முடித்த பிள்ளை. "தையல் கத்துக்க நாலு வருஷமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இரண்டு தரப்பின் மனசிலும் ஓடுவது ஒரே படம்தான். ஒருவர் வரைகிறார், இன்னொருவர் தைக்கிறார், துணி கடைக்குப் போகிறது. அந்த இருவருக்கும் நடுவில் குறைந்தது பத்து வேலைகள் இருக்கின்றன. படித்துவிட்டு வரும் புது ஆட்களைக் கம்பெனிகள் எடுப்பது பெரும்பாலும் அந்த நடு வேலைகளுக்குத்தான்.

இந்தப் பதிவில் திருப்பூர்ப் பின்னலாடையை வைத்தே பேசுகிறேன். சென்னையில் சட்டை, கால்சட்டை தைக்கும் ஏற்றுமதிக் கம்பெனிகள், கரூரின் படுக்கை விரிப்பு, சமையலறைத் துணி, ஆம்பூர் - ராணிப்பேட்டைத் தோல் பொருட்கள் எல்லாம் இதே துறையின் கிளைகள். கணக்கு மாறும், நாற்காலிகளின் பெயர்கள் அதிகம் மாறாது.

திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிக்கு டிசைன் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ இருக்கும் பிராண்டின் ஸ்டுடியோவில் முடிவானது, டெக் பேக் என்ற கோப்பாக வந்து சேரும். முன்பக்க, பின்பக்கப் படம், சைஸ் வாரியாக அளவு, துணி விவரம், தையல் வகை, லேபிள் எங்கே, பெட்டியில் எத்தனை பீஸ் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைச் சொன்ன விலைக்குள், சொன்ன தேதிக்குள் உடுப்பாக்கி அனுப்புவதுதான் இங்கே நடக்கும் வேலை. பெரிய கம்பெனிகள் சிலவற்றில் சொந்த டிசைன் ஸ்டுடியோ உண்டு, உள்ளூர் பிராண்டுகளுக்கும் டிசைனர் வேண்டும். ஆனால் அந்த இடங்கள் குறைவு. அங்கேயும் ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் துணி போகும் என்று சொல்லத் தெரிந்த டிசைனருக்குத்தான் மதிப்பு. ஆகவே டிசைன் ஆசை இருப்பவர்களும் முதல் இரண்டு மூன்று வருடங்களை மெர்ச்சண்டைசிங்கிலோ பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான காகித அச்சு) அறையிலோ கழிப்பது நல்லது என்பது என் கட்சி.

மெர்ச்சண்டைசர் நாற்காலி

பெயரைக் கேட்டால் விற்பனை வேலை போலத் தோன்றும். உண்மையில் ஆர்டர் கொடுத்து வாங்கும் பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே ஒரு ஆர்டரைப் பிறப்பிலிருந்து கப்பல் வரை கொண்டுபோகும் ஆள் இவர். விலை போடுவது, சாம்பிள் அனுப்பி அப்ரூவல் வாங்குவது, நூல் முதல் பாலித்தீன் பை வரை எல்லாவற்றையும் வரவழைப்பது, தேதி தவறாமல் ஓட்டுவது எல்லாம் இவர் தலையில்.

முதலில் துணிக் கணக்கு. இது தெரியாமல் நேர்முகத் தேர்வுக்குப் போகவே வேண்டாம். ஆண்கள் ரவுண்ட் நெக் டீ-சர்ட், எல் சைஸ் என்று வைத்துக்கொள்வோம். உடல் நீளம் 72 செ.மீ., கை நீளம் 22 செ.மீ., தட்டையாக விரித்து அளந்த நெஞ்சு அகலம் 54 செ.மீ., துணி 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம். உடலும் கையும் சேர்ந்து 94. தையலுக்கும் மடிப்புக்கும் 10 கூட்டினால் 104. அகலம் 54 உடன் 4 சேர்த்து 58, முன்பக்கமும் பின்பக்கமும் உண்டு என்பதால் 116. இரண்டையும் பெருக்கினால் 12,064 சதுர செ.மீ. அதை 180 ஆல் பெருக்கி 10,000 ஆல் வகுத்தால் 217 கிராம். சேதாரத்துக்கு 10 சதவீதம் கூட்டினால் 239 கிராம். கழுத்து ரிப் (கழுத்தில் வைக்கும் இழுபடும் பின்னல் பட்டை) இதில் இல்லை, அதைத் தனியாகப் போட வேண்டும். புதியவர்கள் அடிக்கடி மறப்பது இந்த ரிப்பைத்தான்.

இப்போது துணி 180க்குப் பதில் 190 ஜிஎஸ்எம்மாக வந்துவிட்டது என்று வையுங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கணக்கில் ஒரு பீஸுக்கு 252 கிராம், அதாவது 13 கிராம் கூடுதல். 10,000 பீஸ் ஆர்டரில் 130 கிலோவுக்கு மேல். சாயம் போட்ட துணி கிலோ 400 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் காணாமல் போகிறது. சாதாரண டீ-சர்ட்டின் அடக்க விலையில் பாதி அளவுக்குத் துணிதான் என்பதால், விலையில் வேறெங்கு மிச்சம் பிடித்தாலும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது.

ஜிஎஸ்எம் பார்ப்பது எளிது. 100 சதுர செ.மீ. வட்டம் வெட்டும் கட்டர் ஒன்று எல்லாக் கம்பெனியிலும் இருக்கும். வெட்டிய வட்டத்தை எடை போட்டு, வரும் கிராமை நூறால் பெருக்கினால் போதும். 1.80 கிராம் என்றால் 180. ஒரே இடத்தில் வெட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வதுதான் தப்பு. துணியின் இரண்டு ஓரங்களிலும் நடுவிலும் வெட்டிச் சராசரி எடுக்க வேண்டும். நூல் நம்பரோடும் இதைப் பொருத்திப் பாருங்கள், நம்பர் கூடக் கூட நூல் மெல்லியது. 30ஆம் நம்பர் நூலில் சிங்கிள் ஜெர்சி (சாதாரண டீ-சர்ட் பின்னல்) ஓட்டினால் சுமார் 140 - 150 ஜிஎஸ்எம் வரும், 180 வேண்டுமென்றால் 24ஆம் நம்பர் பக்கம் போக வேண்டும். பையர் 30ஆம் நம்பரில் 180 கேட்டால் அப்படியே தலையாட்டாமல் கேள்வி கேட்பவர்தான் மெர்ச்சண்டைசர்.

அடுத்தது தேதி. கம்பெனியில் இதை டிஎன்ஏ (டைம் அண்ட் ஆக்ஷன்) என்பார்கள், ஒவ்வொரு வேலைக்கும் கெடு எழுதிய அட்டவணை. பின்னாலிருந்து எண்ணிப் போட வேண்டும். ஜூன் 30 அன்று சரக்கு கிளம்ப வேண்டும் என்றால் இறுதி இன்ஸ்பெக்ஷனுக்கும் பேக்கிங்குக்கும் 5 நாள், தையல், செக்கிங், அயர்னிங் 25 நாள், கட்டிங்கும் பிரிண்டிங்கும் 10, சாயமும் காம்பேக்டிங்கும் (துணியை முன்கூட்டியே சுருக்கிச் சீராக்குவது) 12, நிட்டிங் 8, நூல் வர 7. கூட்டினால் 67 நாள். ஏப்ரல் 24க்குள் நூல் ஆர்டர் போயிருக்க வேண்டும், மே 9க்குள் சாயத்துக்கான நிறம் அப்ரூவல் ஆகியிருக்க வேண்டும். நடப்பில் இந்த வேலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடும், கொஞ்சம் நாள் மிச்சமாகும். ஆனால் அந்த மிச்சத்தை நம்பி அட்டவணை போடக் கூடாது, மின்வெட்டும் பண்டிகையும் அதைத் தின்றுவிடும்.

அட்டவணை கவிழ்வது பெரும்பாலும் லேப் டிப்பில்தான். பையர் சொன்ன நிறத்தைச் சாயப்பட்டறை லேபில் சின்னத் துண்டுத் துணியில் எடுத்து, ஏ, பி, சி என்று மூன்று வகை அனுப்புவார்கள். பட்டறைக்கு மூன்று நான்கு நாள், கூரியருக்கு மூன்று நான்கு நாள், பையர் பதிலுக்கு இரண்டு மூன்று நாள் என்றால் ஒரு சுற்றுக்குப் பத்து நாள் போய்விடும். இரண்டு முறை திருப்பி அனுப்பினால் ஒரு மாதம் காலி.

ஏன் திரும்பி வருகிறது? முக்கியமான காரணம், ஆபீஸ் டியூப்லைட்டில் பார்த்துவிட்டு "சரியா இருக்கு" என்று அனுப்புவது. பையர் லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று இரண்டு விளக்கிலும் பார்ப்பார். ஒன்றில் பொருந்தும் நிறம் இன்னொன்றில் பிரிந்து தெரியும், சாயக் கலவை வேறாக இருந்தால் அப்படித்தான் ஆகும். அனுப்பும் முன் நீங்களும் அதே விளக்குகளில் பாருங்கள். இன்னொரு காரணம், லேப் டிப்பை வேறு துணியில் எடுப்பது. ஜெர்சியும் ரிப்பும் ஒரே சாயத்தை ஒரே மாதிரி குடிக்காது. உடலும் கழுத்தும் இரண்டு ஷேடாகத் தெரியும் டீ-சர்ட்டுகள் இப்படித்தான் உருவாகின்றன.

சாம்பிள்களின் வரிசையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தோற்றத்துக்கு ப்ரோட்டோ, பிறகு அளவுக்கு ஃபிட், எல்லா சைஸும் சரியா என்று பார்க்க சைஸ் செட், உண்மையான துணியிலும் உண்மையான லேபிளிலும் பிபி (ப்ரீ-ப்ரொடக்ஷன்) சாம்பிள். பிபி அப்ரூவல் வராமல் கட்டிங் போடக் கூடாது. அவசரத்தில் போடுகிறார்கள், சில நேரம் தப்பிக்கிறார்கள். தப்பாதபோது வெட்டிய துணியை ஒட்ட முடியாது. கெடு தாண்டிவிட்டால் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் ஏற்ற வேண்டிவரும், தாமதம் கம்பெனியுடையது என்றால் அந்தச் செலவும் கம்பெனி தலையில்தான் விழும். லாபம் அங்கேயே முடிந்தது.

இந்த வேலையின் நேரத்தையும் சேருவதற்கு முன்பே புரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. பையரின் மெயில்கள் மதியத்துக்கு மேல்தான் குவியும். மாலை ஐந்தரைக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் வேலை இது இல்லை. ஆங்கிலம் நாலு வரி தெளிவாக எழுதும் அளவுக்கு வேண்டும், அலங்காரம் வேண்டாம். ஸ்டைல் நம்பரும் ஆர்டர் நம்பரும் மெயில் தலைப்பில் இருக்க வேண்டும், ஒரு மெயிலில் ஒரு ஸ்டைல் மட்டும். எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும்.

பேட்டர்ன் அறை

பேச்சு குறைவு, கை வேலையும் கணக்கும் பிடிக்கும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. நல்ல பேட்டர்ன் மாஸ்டரை ஒரு கம்பெனி எளிதில் விடாது. ஆனால் கல்லூரியிலிருந்து வருபவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது குறைவு, "மாஸ்டர்" என்ற பெயரில் கோட்டு சூட்டு இல்லாததாலோ என்னவோ.

பின்னல் துணி இழுபடும், சுருங்கும், முறுக்கும். பேட்டர்ன் அதையெல்லாம் முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும். துணியில் 50 செ.மீ. சதுரம் குறித்து, துவைத்து, காயவைத்து அளந்தால் 47.5 செ.மீ. நிற்கிறது என்று வையுங்கள், 5 சதவீதச் சுருக்கம். 72 செ.மீ. நீளம் துவைத்த பிறகும் 72ஆக நிற்க வேண்டுமென்றால் பேட்டர்னில் 72ஐ 0.95 ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 75.8 வரும். 72க்கு 5 சதவீதம் கூட்டி 75.6 என்று போடுவது பலரும் செய்யும் சின்னப் பிழை. இங்கே 2 மில்லிமீட்டர்தான், சுருக்கம் கூடக் கூட அது பெரிதாகும்.

கழுத்து ரிப் பட்டையைக் கழுத்துச் சுற்றளவைவிடக் குறைவாக வெட்டி இழுத்துத் தைப்பார்கள், சுமார் 15 முதல் 20 சதவீதம் குறைவு. குறைவு போதாவிட்டால் கழுத்து அலையடிக்கும், அதிகமானால் சுருங்கித் தலை நுழையாது. குழந்தை உடுப்பில் இது ரொம்ப முக்கியம். குழந்தை உடுப்பு என்றால் சட்டமும் கூடவே வரும்: ஐரோப்பிய விதி இஎன் 14682 படி 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடுப்பில் தொப்பியிலோ கழுத்திலோ இழுகயிறு இருக்கவே கூடாது. டெக் பேக்கில் தவறி வந்திருந்தாலும் பிடித்துச் சொல்வது பேட்டர்ன் அறையின் வேலை.

சைஸ் பிரிப்பது, அதாவது கிரேடிங், எஸ்ஸிலிருந்து எம்முக்கு, எம்மிலிருந்து எல்லுக்கு நெஞ்சு அகலத்தில் 2.5 செ.மீ. என்று போகலாம். பையருக்குப் பையர் மாறும், அவர் அட்டவணைதான் சட்டம். மார்க்கர் போடுவதில்தான் பணம். எல்லாத் துண்டுகளையும் துணி அகலத்துக்குள் அடுக்கியதில் எத்தனை சதவீதம் பயன்பட்டது என்பதே மார்க்கர் எஃபிஷியன்சி. மேலே சொன்ன 10,000 பீஸ் ஆர்டரில் 2,390 கிலோ துணி. எஃபிஷியன்சி 82லிருந்து 84க்கு ஏறினால் சுமார் 57 கிலோ மிச்சம். கெர்பர், லெக்ட்ரா, ஆப்டிடெக்ஸ், டூக்காடெக் என்று மென்பொருள்கள் உண்டு. ஒன்றை ஒழுங்காகக் கற்றால் இன்னொன்றுக்கு மாறுவது சிரமமில்லை. முப்பரிமாணத்தில் உடுப்பைக் காட்டும் க்ளோ 3டி தெரிந்தால் சாம்பிள் பிரிவில் கூடுதல் மரியாதை. ஆனால் காகிதத்தில் கையால் பேட்டர்ன் போடத் தெரியாதவர் திரையில் போடும் பேட்டர்ன், உடம்பில் ஏறும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

தரம் பார்ப்பவர்கள்

க்யூசி வேலையை "குறை சொல்ற வேலை" என்று கிண்டல் செய்வார்கள். காரணம் சொல்லத் தெரியாதவர் கையில் அது அப்படித்தான் ஆகும். துவைத்த பிறகு தையல் ஓரத்தில் ஓட்டை விழுகிறது என்றால், கூர் முனை ஊசி பின்னலின் இழையை வெட்டியிருக்கிறது, உருண்டை முனையுள்ள பால் பாயின்ட் ஊசி போட்டிருக்க வேண்டும், தேய்ந்த ஊசியை மாற்றியிருக்க வேண்டும். பக்கத் தையல் துவைத்ததும் முன்பக்கமாகத் திரும்புகிறது என்றால் பிரச்சினை தையலில் இல்லை, நூல் முறுக்கிலும் துணி ஃபினிஷிங்கிலும் இருக்கிறது. கட்டிங் முடிந்த துண்டுகள் அளவு குறைகின்றன என்றால் துணி ரோலைப் பிரித்து ஆறவிடாமல் லே போட்டிருப்பார்கள், அதாவது வெட்டுவதற்கு அடுக்கடுக்காக விரித்திருப்பார்கள். லைக்ரா கலந்த துணிக்குக் குறைந்தது ஒரு நாள் ஆற வேண்டும். இழுக்கும்போது தையல் நூல் படபடவென்று அறுகிறதா? நெகிழ வேண்டிய இடத்தில் சிங்கர் மிஷின் நேர்த்தையல் போட்டிருக்கலாம், அல்லது அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பது குறைந்திருக்கலாம். 10 முதல் 12 வரை வழக்கம்.

இறுதி இன்ஸ்பெக்ஷன் ஏக்யூஎல் (எத்தனை குறை வரை ஏற்கலாம் என்ற வரம்பு) அட்டவணைப்படி நடக்கும். 10,000 பீஸ் லாட் என்றால் வழக்கமான இரண்டாம் நிலையில் 200 பீஸ் எடுப்பார்கள். ஏக்யூஎல் 2.5 என்றால் பெரிய குறை 10 வரை பாஸ், 11 வந்தால் ஃபெயில். 3,000 பீஸ் லாட்டுக்கு 125 எடுத்து 7 வரை பாஸ், 8 ஃபெயில். ஃபெயில் ஆனால் பெட்டிகளைத் திரும்பப் பிரித்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்லும் புதியவரைத் தேர்வு செய்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

மற்ற நாற்காலிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஇ என்கிற தொழிற்பொறியியல் பிரிவில் ஸ்டாப்வாட்சும் கணக்கும்தான் ஆயுதம். ஒரு டீ-சர்ட் தைக்க 6 நிமிடம், லைனில் 30 பேர், 480 நிமிட ஷிப்ட், 50 சதவீத எஃபிஷியன்சி என்றால் நாளுக்கு 1,200 பீஸ். இதை 60 சதவீதம் ஆக்கினால் 1,440. சாயப்பட்டறை லேப் வேதியியல் படித்தவர்களுக்கு. கழிவுநீரை முழுக்கச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தாத பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்ட பிறகு, அங்கே சுத்திகரிப்பு நிலையம் நடத்தத் தெரிந்தவர்களின் தேவையும் கூடியது. கம்ப்ளையன்ஸ் பிரிவு, தொழிலாளர் பாதுகாப்பு, சம்பளப் பதிவேடு, தீயணைப்பு ஏற்பாடு, ஆர்கானிக் சான்றிதழ் ஆகியவற்றைப் பார்ப்பது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்த பிறகு பையர்களின் ஆடிட் கெடுபிடி எங்கும் கூடிவிட்டது. சமூகப்பணியோ சட்டமோ படித்தவர்கள் ஃபேஷன் துறைக்குள் வர இது ஒரு வாசல். பலருக்குத் தெரியாத வாசல்.

என்ன படிக்கலாம்

நிஃப்ட்டில் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகம்) டிசைன் பட்டத்துக்கு நுழைவுத் தேர்வு மூன்று பகுதி. வரைதிறனுக்கான தேர்வுக்கு 50, பொதுத் திறனுக்கு 30, கொடுத்த பொருட்களை வைத்து ஒன்றைச் செய்துகாட்டும் சிச்சுவேஷன் டெஸ்டுக்கு 20 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு. விண்ணப்பிக்கும் வருடத்தின் கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில் பலர் அழகாகச் செய்யப் பார்த்து நேரத்தைத் தொலைப்பார்கள், கேள்வி கேட்டதைச் செய்தாலே மார்க் வரும். அதே நிஃப்ட்டின் பி.எஃப்.டெக். (ஃபேஷன் டெக்னாலஜி) படிப்புக்கு வரைதல் தேர்வு கிடையாது, பிளஸ் டூவில் கணிதம் வேண்டும். உற்பத்திப் பக்கம் போக நினைப்பவர்கள் இந்தப் படிப்பைக் கவனிக்காமல் விடுகிறார்கள். சென்னை தரமணி வளாகம் 1995 முதல் இருக்கிறது.

பொறியியல் கலந்தாய்வு வழியாக சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக்கில் டெக்ஸ்டைல், கோவை பி.எஸ்.ஜி., குமரகுரு, சத்தியமங்கலம் பண்ணாரி அம்மன் கல்லூரிகளில் டெக்ஸ்டைல், ஃபேஷன் டெக்னாலஜி என்று இடங்கள் உண்டு. திருப்பூர் முதலிபாளையத்தில் நிஃப்ட்-டீ கல்லூரி பின்னலாடைக்கென்றே நடக்கிறது. கைத்தறியில் ஆர்வம் இருந்தால் சேலம் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம். கொங்குப் பகுதிக் கலைக் கல்லூரிகளில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் பரவலாக இருக்கிறது, செலவும் குறைவு. அதில் சேர்ந்தால் கணினி பேட்டர்னும் துணிக் கணக்கும் வெளியில் கற்க வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தே சேருங்கள். பத்தாவது முடித்து உடனே சம்பாதிக்க வேண்டியவர்களுக்கு ஐ.டி.ஐ. தையல் தொழில்நுட்பப் பிரிவு ஒரு வருடம். அதிலிருந்து சாம்பிள் டெய்லர், பேட்டர்ன் உதவியாளர், பேட்டர்ன் மாஸ்டர் என்று ஏறலாம்.

தனியார் பயிற்சி நிலையம் என்றால் பணம் கட்டும் முன் உள்ளே போய்ப் பாருங்கள். ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மிஷின்கள் இருக்கின்றனவா, மாணவர்கள் உண்மையில் ஓட்டுகிறார்களா? பேட்டர்ன் மென்பொருளுக்கு முறையான உரிமம் இருக்கிறதா? போன வருடம் முடித்த இருவரின் தொடர்பு கேளுங்கள், தயங்கினால் கிளம்பிவிடுங்கள். ரேம்ப் ஷோ புகைப்படங்கள் எத்தனை தொங்கினாலும் அது சாட்சி ஆகாது. ஆரி வேலை, பிளவுஸ் டிசைன் பயிற்சி என்பது வேறு பாதை. சொந்தமாக பொட்டிக் வைக்கவும் வீட்டிலிருந்து சம்பாதிக்கவும் உதவும், கம்பெனி வேலைக்கு அது தகுதியாகாது.

டீ-சர்ட் பயிற்சி

எந்தப் படிப்பில் இருந்தாலும் இதைச் செய்யுங்கள். திருப்பூர் காதர்பேட்டையிலோ உங்கள் ஊர்க் கடையிலோ வெவ்வேறு தரத்தில் இரண்டு ரவுண்ட் நெக் டீ-சர்ட் வாங்குங்கள். துவைக்கும் முன் சமையலறைத் தராசில் எடை போட்டு, தட்டையாக விரித்து அளவெடுங்கள்: தோள் உச்சியிலிருந்து நீளம், அக்குளுக்கு 1 அல்லது 2 செ.மீ. கீழே நெஞ்சு அகலம், தோளுக்குத் தோள், கை நீளம், கை வாய், கழுத்து அகலம், முன் கழுத்து ஆழம், பின் கழுத்து ஆழம், ரிப் உயரம், அடி அகலம். இழுத்து அளக்காதீர்கள். துவைத்து நிழலில் காயவைத்து மறுபடி அளந்து சுருக்கத்தைச் சதவீதமாக எழுதுங்கள்.

பிறகு தையலைப் பிரியுங்கள். தைத்த வரிசைக்குத் தலைகீழாக, அடி மடிப்பு, பக்கத் தையல், கை, கழுத்து, தோள் என்று போங்கள். எங்கே நான்கு நூல் ஓவர்லாக், எங்கே இரட்டை ஊசி பிளாட்லாக், தோளில் இழுபடாமல் இருக்க டேப் வைத்திருக்கிறார்களா என்று குறியுங்கள். பிரித்த துண்டுகளை அயர்ன் பண்ணிக் காகிதத்தில் வரைந்தால் பேட்டர்ன் கையில் இருக்கும். மேலே சொன்ன கணக்கில் துணித் தேவையைப் போட்டு, எடை போட்டு வைத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். கணக்கில் 239 வந்த டீ-சர்ட் தராசில் 175 கிராம் அளவுக்குத்தான் நிற்கும். மீதி எங்கே போனது? கழுத்துக் குழி, அக்குள் வளைவு, துண்டுகளுக்கு நடுவே விழுந்த வெட்டு, சாயப்பட்டறை இழப்பு. இதை உட்கார்ந்து விளங்கிக்கொண்டால் ஒரு செமஸ்டர் பாடம் முடிந்தது.

இந்த வேலையையே போர்ட்ஃபோலியோவில் வையுங்கள். டீ-சர்ட்டும் பைஜாமாவும் செய்யும் கம்பெனிக்குப் பதினைந்து பக்கம் கவுன் ஓவியம் எடுத்துப் போவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பத்துப் பன்னிரண்டு பக்கம் போதும்: நீங்களே எழுதிய முழு டெக் பேக் ஒன்று, விலைக் கணக்கு ஒன்று, கிரேடிங் செய்த பேட்டர்ன் ஒன்று, துணித் துண்டுகள் ஒட்டி ஜிஎஸ்எம், நூல் நம்பர், பின்னல் வகை எழுதிய இரண்டு பக்கம். ஓவியம் நன்றாக வரும் என்றால் கடைசியில் இரண்டு பக்கம் வையுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

நேர்முகத் தேர்வில் நீங்களும் கேள்வி கேளுங்கள். எத்தனை பையர்கள், எந்த நாடுகள் என்பது முதல் கேள்வி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது, அமெரிக்க பையரை மட்டும் நம்பியிருந்த கம்பெனிகளில்தான் ஆட்டம் அதிகம். சாம்பிள் அறை உள்ளேயே இருக்கிறதா, நிட்டிங்கும் சாயமும் சொந்தமா அல்லது ஜாப் ஒர்க்கா (வெளிப் பட்டறையில் கூலிக்குச் செய்வது) என்றும் கேளுங்கள். எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்தால் கற்பது வேகம். ஜாப் ஒர்க் என்றால் பட்டறை பட்டறையாக அலைச்சல், ஆனால் ஊரே பழகிவிடும்.

சம்பளம் பேசும்போது கைக்கு வருவது எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். பிஎஃப் பிடித்தம் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் 12 சதவீதம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இஎஸ்ஐ உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். இரண்டும் இல்லாமல் "கையில மொத்தமா வாங்கிக்கங்க" என்றால் அந்த இடம் வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடமும் வேண்டாம்.

சேர்ந்த பிறகு, மேஜை கொடுப்பதற்கு முன்னால் இரண்டு வாரம் ஃப்ளோரில் விடச் சொல்லிக் கேளுங்கள். துணி வந்து இறங்கும் குடோனில் இரண்டு நாள், கட்டிங்கில் இரண்டு நாள், மிச்ச நாட்கள் லைனிலும் செக்கிங்கிலும். பவர் டேபிளில் (தையல் மிஷின் வரிசை) இருப்பவர்களில் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். கொஞ்சம் இந்தி தெரிந்தால் எந்த ஆபரேஷன் ஏன் சிக்குகிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். தெரியாவிட்டால் லைன் சூப்பர்வைசர் அண்ணனையோ அக்காவையோ பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் துணி, ஜிஎஸ்எம், போட்ட கணக்கு, உண்மையில் ஆன கிராம், எங்கே தாமதம் என்று எழுதி வாருங்கள். அடுத்த கம்பெனிக்கு நேர்முகத் தேர்வு போகும்போது அந்த நோட்டையே ஒருமுறை புரட்டினால் போதும், பழைய கம்பெனியின் பையர் பெயரையும் விலையையும் மட்டும் வெளியில் சொல்லாதீர்கள்.